பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்களில்: நீலகிரிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் கூடலூர் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளை மூடினார்கள். இரண்டு வாரத்தில் திறந்துவிடும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. நடுவில் பத்தொன்பது மாதத்துக்கும் மேல் ஓடிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள்.

எங்கள் மலையில் பள்ளி மூடுவதற்கு நோய்தான் வர வேண்டும் என்று இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் அடைமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழையும் மண்சரிவும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த இரண்டு வருடங்களில் பெற்றோரும் தன்னார்வலர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், இன்றும் கேட்கிற கேள்விகளையும் பதிலோடு எழுதி வைக்கிறேன்.

பள்ளியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையும் ஆசிரியரும் ஒருவரையொருவர் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடம், தேர்வு, போன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2020 ஏப்ரலில் எங்கள் வருகைப் பதிவேட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். பாதி எண்கள் வேலை செய்யவில்லை. சில எண்கள் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ மாட்டிக்கொண்ட அப்பாவின் கையில் இருந்தன. ரீசார்ஜ் போட வழியில்லாமல் சில எண்கள் செத்துப்போயிருந்தன. அதனால் பெற்றோருக்கு என் முதல் வேண்டுகோள்: பள்ளியில் இரண்டு எண் கொடுங்கள். ஒன்று பிள்ளை இருக்கும் வீட்டில் உள்ள போன். இன்னொன்று பக்கத்து வீடோ, பெட்டிக்கடையோ, நீங்கள் எங்கே இருந்தாலும் தகவல் வந்து சேரும் ஒரு இடம். ஆசிரியரின் எண்ணைப் பிள்ளையின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடும் நாளில் பள்ளி அலமாரியில் உள்ள கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுத்து அனுப்புங்கள். நாங்கள் பத்திரமாகப் பூட்டிவிட்டு வந்தோம். திரும்பத் திறந்தபோது ஈரத்தில் புத்தகமெல்லாம் பூஞ்சை பூத்திருந்தது. பிள்ளைகள் கையில் கசங்கிக் கிழிந்திருந்தால்கூட எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னலே கிடைக்காது. ஆன்லைன் வகுப்பு என்றால் நாங்கள் எங்கே போவது?

மலையில் இதுதான் பெரிய கேள்வி. மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு, வீட்டுக்குள் வந்தால் ஒன்றுமில்லை. எல்லை ஓரங்களில் கேரளா டவரோ கர்நாடகா டவரோ பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் இரண்டு மூன்று நாள் சார்ஜும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நேரலை வகுப்பு நடத்தினால், மேட்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் படிப்பார்கள். பள்ளத்து வீட்டுப் பிள்ளை தனக்குப் படிப்பு வராது என்றே நினைத்துக்கொள்ளும்.

எங்கள் அனுபவத்தில் வேலை செய்தது இதுதான். நேரலை வகுப்பை விட்டுவிட்டு, ஐந்து நிமிடக் குரல் பதிவு அனுப்பினோம். வீடியோவை விடப் பல மடங்கு சின்னது, சிக்னல் வரும்போது தானாக இறங்கிவிடும், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். கதை ஒன்று, அதிலிருந்து மூன்று கேள்வி, நோட்டில் எழுத ஒரு வேலை. அவ்வளவுதான். ஸ்மார்ட்போனே இல்லாத வீட்டுக்கு வாரம் ஒரு முறை சாதாரண போனில் கூப்பிட்டுப் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேசினோம். 'என்ன படித்தாய்?' என்று கேட்பதற்கு முன்னால் 'என்ன சாப்பிட்டாய், நாய்க்குட்டி எப்படி இருக்கிறது?' என்று கேட்டோம். அந்த ஐந்து நிமிடத்துக்காகச் சில பிள்ளைகள் காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக் காத்திருந்ததாக அம்மாக்கள் சொன்னார்கள்.

பயிற்சித் தாள்களைப் போனில் அனுப்புவதைவிடக் கையில் கொடுப்பது மேல். ரேஷன் கடைக்கு எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். அன்று அங்கே ஒரு ஆசிரியரோ தன்னார்வலரோ நின்று, முடித்த தாளை வாங்கிப் புதுத் தாளைக் கொடுத்தால் போதும். சத்துணவுக்குப் பதில் அரிசி, பருப்பு கொடுத்த நாட்களில் நாங்கள் பள்ளி வாசலிலேயே இதைச் செய்தோம். வாங்கிய தாளைத் திருத்தி, பெயர் போட்டு, 'கையெழுத்து நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்தாமல் கிடக்கும் தாளைப் பார்த்தால் பிள்ளை மூன்றாம் வாரம் எழுதுவதை நிறுத்திவிடும்.

வீட்டில் ஒரே போன். பிள்ளைகள் மூன்று பேர். யாருக்குக் கொடுப்பது?

பெரும்பாலான வீடுகளில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்கே போன் போய்விடுகிறது. ஆண்பிள்ளை இருந்தால் அவனுக்கு. சின்னவளுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பெரிய பிள்ளையிடம் புத்தகம் இருக்கிறது, தானே படித்துக்கொள்ளவும் தெரியும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யாராவது சொல்லித் தந்தால்தான் உண்டு. அதனால் போன் பெரியவனிடம் இருந்தால், அவனே தினமும் அரை மணி நேரம் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பேசி வையுங்கள். சொல்லிக் கொடுக்கிறவனுக்கும் பாடம் நிற்கும்.

பாடம் முடிந்ததும் போனைத் திரும்ப வாங்கி வைத்துவிடுங்கள். ராத்திரி பிள்ளையோடு போர்வைக்குள் போன் போகக் கூடாது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர். நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா எங்கள் பக்கம் குறைவு. கேட்கும்போதே குரல் இறங்கிவிடும். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்பு பற்றவைத்த பிறகு, 'இன்றைக்கு ஒரு பக்கம் எனக்குப் படித்துக் காட்டு' என்று சொல்லுங்கள். பிள்ளை தப்பாகப் படிக்கிறதா, சரியாகப் படிக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் தடுமாறுகிறதா, ஓடுகிறதா என்பது காதுக்குத் தெரியும். நேற்று தடுமாறிய பக்கத்தையே இன்றும் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், 'சரி, கதையில் என்ன நடந்தது, சொல்லு' என்று கேளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் பிள்ளை சொல்லட்டும்.

அப்புறம் கணக்கு. அது உங்களிடம்தான் நிறைய இருக்கிறது. காலையில் 14 கிலோ, மத்தியானம் 11, சாயங்காலம் 9 என்று கொழுந்தை எடை போடுகிறீர்கள். மொத்தம் எவ்வளவு? சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழித்தால் எவ்வளவு? சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்துப் பச்சைத் தேயிலை ஃபேக்டரிக்குப் போடுகிறவர் என்றால், கிலோ 15 ரூபாய்க்கு 32 கிலோ எவ்வளவு வரும்? இந்தக் கணக்கைத் தினமும் பிள்ளையின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டு மாதம் அம்மாவின் எடைக் கணக்கை எழுதி வந்தாள். திறந்தபோது அவளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எதுவும் மறக்கவில்லை. அவள் அம்மாவுக்கும் கூலிச் சீட்டில் இருந்த ஒரு பிசகு பிடிபட்டது.

பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்கள் கதை சொல்லட்டும். சிலோனிலிருந்து கப்பலில் வந்த கதை, தோட்டம் போட்ட கதை, தேன் எடுக்கப் போன கதை. பிள்ளை அதில் ஐந்து வரி எழுதட்டும். எங்கள் பயிற்சித் தாள்களிலேயே பிள்ளைகள் ஆசையாக எழுதிக்கொண்டு வந்தது அந்தத் தாளைத்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வைக்க வேண்டும்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்து. நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பள்ளி மணி அடிக்காத நாட்களில் பிள்ளைக்கு அந்த ஒரு ஒழுங்காவது வேண்டும்.

நாங்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. ஒரு வருடம் வீட்டில் இருந்ததில் பிள்ளைக்குத் தமிழே மறந்துவிட்டது. வீட்டிலும் தமிழ் பேசச் சொல்லட்டுமா?

வேண்டாம். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளில் படுகு மொழி பேசுகிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் கன்னடமும் உண்டு. இத்தனை வீட்டு மொழிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் தமிழ் கேட்கும் இடம். பள்ளி மூடியதும் அந்தக் காது மூடிக்கொள்கிறது. பாடம் மறப்பதற்கு முன் பாடத்தின் மொழி மறந்துவிடுகிறது. திறந்த பிறகு வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையைப் 'பின்தங்கிய பிள்ளை' என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுவதும் இதனால்தான்.

வீட்டு மொழியை விட வேண்டியதில்லை. அந்த மொழியில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழும் சீக்கிரம் வரும். பள்ளி மூடிய நாட்களில் தமிழில் பேச ஒரு ஆள், தமிழில் கேட்க ஒரு கதை தினமும் கிடைத்தால் போதும். அதே ஊரில் படித்த அக்காவோ அண்ணனோ இரண்டு மொழியிலும் சொல்லிக் கொடுப்பதைப் போல நல்ல ஏற்பாடு வேறு இல்லை. முதலில் வீட்டு மொழியில் கதை, மறுநாள் அதே கதை தமிழில். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பிள்ளை பயப்படாது. ஆசிரியர்களும் அந்த மொழியில் ஐம்பது வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். 'தண்ணீர் வேண்டுமா', 'வலிக்கிறதா' என்று பிள்ளையின் மொழியில் கேட்டால் அது உங்களை நம்பும்.

கல்வித் தொலைக்காட்சி பார்த்தால் போதாதா?

2019 ஆகஸ்டில் அரசு தொடங்கிய அந்தச் சேனல் கொரோனா நேரத்தில் கைகொடுத்தது, உண்மைதான். பெரிய வகுப்புகளுக்கு நல்ல பாடங்கள் வருகின்றன. ஆனால் டிவி கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காது. பாடம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது பயன்படும். பாடப்புத்தகங்களில் உள்ள கியூஆர் குறியீட்டுப் பாடங்களுக்கும் இதேதான். சிக்னல் உள்ள இடத்தில் தரவிறக்கி, மெமரி கார்டில் போட்டு ஊருக்குள் கொண்டுபோகலாம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. எழுத்துகூட மறந்துவிட்டாள். மறுபடி ஒன்றாம் வகுப்பில் போடட்டுமா?

வேண்டாம். வகுப்பைக் குறைத்தால் அவமானம் மட்டும்தான் மிஞ்சும். அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கினால் போதும்.

அதற்குப் பரீட்சை வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். ஒரு தாளில் பத்து எழுத்துகள் எழுதுங்கள். கீழே 'மரம்', 'படம்' போல ஐந்து சொற்கள். அதற்குக் கீழே மூன்று சின்ன வாக்கியம். கடைசியில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி. மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரும் இல்லாத இடத்தில் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நிற்கிறாளோ அதற்கு ஒரு படி கீழே இருந்து பாடம் தொடங்கும். கணக்கிலும் இப்படியே: எண்ணுவது, எண்ணைப் படிப்பது, கூட்டல், கடன் வாங்கிக் கழிப்பது.

ஆசிரியர்களிடம் ஒன்று மன்றாடிக் கேட்கிறேன். பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்புப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். 2021 நவம்பரில் நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். 'பாடத்தை முடிக்க வேண்டும்' என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு வாரம் பார்த்தோம். முன்வரிசையில் நாலு பேர் பதில் சொன்னார்கள், மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். எழுதியதில் ஒரு சொல்லைக்கூட அவர்களால் படிக்க முடியவில்லை. பிறகுதான் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளைச் சேர்த்து, படிக்கும் நிலைப்படி குழு பிரித்து, காலையில் ஒரு மணி நேரம் வாசிப்பு, அரை மணி நேரம் கணக்கு என்று மாற்றினோம். ஐந்தாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார முதலில் கூசினான். அவனுக்குச் சின்னவர்களுக்குத் தாள் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படி பிரித்துத்தான் நடத்துகிறார்கள். மழைக்காக ஒரு மாதம் மூடித் திறந்தாலும் இதே முறையில் தொடங்கலாம்.

எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி மாதிரி மாலை வகுப்பு நடத்த ஆசை. நேரம்தான் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் ஊரிலேயே பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தார்கள். சமவெளிக்கு அது சரி. கூடலூர், பந்தலூரில் ஆறு மணிக்கு மேல் யானை எந்தப் பாதையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. கோத்தகிரி, குன்னூரில் கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் இறங்கிவிடும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பதே தெரியாது.

வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பள்ளி நடக்காத நாட்களில் காலை பத்து மணிக்கே வைக்கலாம். பெரியவர்கள் தோட்டத்துக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் ஆயிற்று. வீடுகளுக்கு நடுவில் உள்ள இடமாகப் பாருங்கள், ஊர்க்கோடியில் வேண்டாம். பிள்ளைகள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகட்டும், கடைசிப் பிள்ளை வீட்டுக்குள் நுழைவதை ஒருவர் பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த எத்தனையோ பெண்கள் மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தார்கள். ஊரடங்கில் பஸ் இல்லாமல் ஆசிரியர்கள் மேலே வர முடியாத மாதங்களைச் சந்தித்த மலைக்கு, உள்ளூரிலேயே இருக்கும் இப்படி ஒருத்தி பெரிய பலம்.

குளிர் தாங்காமல் ஜன்னலை மூடித்தான் வகுப்பு நடக்கிறது. நோய்க் காலத்தில் இது சரியா?

சரியில்லை. காற்றில் பரவும் நோய்க்கு மூடிய அறைதான் வசதி. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள், பிள்ளைக்கு இன்னொரு ஸ்வெட்டர் போடுங்கள். வெயில் அடிக்கும் நேரத்தில் வெளியே உட்கார வைத்துப் பாடம் எடுங்கள். மழை நாளில் வராந்தா நல்லது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு முகக்கவசம் வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு கொடுத்து அனுப்புங்கள், பனியில் நனைந்த கவசத்தில் மூச்சு விட முடியாது. காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம். வருகைக்கான பரிசு, பாராட்டு எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் பள்ளிகள் நிறுத்தி வைப்பது நல்லது. பரிசுக்காகக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பொதுத்தேர்வு நடக்குமா, நடக்காதா என்றே தெரியாமல் பிள்ளை எப்படிப் படிக்கும்?

நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே பதில் இருக்கிறது. 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்து மதிப்பெண் போட்டார்கள். 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. அப்போது பத்தாம் வகுப்பில் அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம். அரையாண்டுத் தேர்வைச் சாதாரணமாக நினைத்து எழுதாமல் விட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2020இல் அழுதார்கள்.

அதனால் வகுப்புத் தேர்வு, செய்முறை நோட்டு, வருகை எதையும் விடாதீர்கள். எழுதிய தாள்களை வீட்டில் ஒரு பையில் போட்டு வையுங்கள். பிள்ளைக்குத் தினமும் 'தேர்வு உண்டா' என்ற பேச்சைக் கேட்க விடாதீர்கள். இந்த வாரத்துக்கு இரண்டு பாடம், அடுத்த வாரத்துக்கு இரண்டு பாடம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால், பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும்.

ஒன்பதாவது படித்த பையன் இஞ்சித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். காசு பார்த்துவிட்டான், இனி வருவானா?

வருவான், ஆனால் கூப்பிட ஆள் போக வேண்டும். 2020, 2021 மே மாதங்களில் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கவில்லை, சீசனும் இல்லை. லாட்ஜ், கார், கடை, குதிரை என்று எல்லாவற்றையும் நம்பியிருந்த வீடுகளில் பையன்கள் வேலைக்குப் போனதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் யாராவது வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் வருகிறார்கள். ஆறு மாதம் விட்டுவிட்டால் கூச்சம் கூடிவிடுகிறது. போகும்போது அவன் கூட்டாளி ஒருவனை அழைத்துப் போங்கள். ஆசிரியர் சொல்வதைவிட 'உன் இடம் காலியாகவே இருக்குடா' என்று அவன் சொல்வதுதான் வேலை செய்யும். வந்தவனிடம் 'இத்தனை நாள் எங்கே போனாய்' என்று யாரும் கேட்கக் கூடாது.

பதினான்கு வயது முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைப்பது சட்டப்படி குற்றம். பதினெட்டுக்குள் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தாலும், வேலைக்கு அனுப்பிக் கொடுமைப்படுத்தினாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பள்ளி மூடிய நாட்களில் இதையெல்லாம் பார்த்துச் சொல்ல அக்கம்பக்கத்தாரைத் தவிர யாரும் இல்லை.

பிள்ளை பேசுவதே இல்லை. ராத்திரி படுக்கையை நனைக்கிறாள். படிக்கச் சொன்னால் அழுகிறாள்.

கொஞ்ச நாள் படிப்பை ஓரமாக வையுங்கள். பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. திட்ட வேண்டாம், மற்ற பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். கூடவே படுங்கள், வேலைக்குக் கிளம்பும்போது எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். படம் வரைய விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டில் ஒருவர் இறந்திருந்தால் 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று பொய் சொல்லாதீர்கள். பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். ஆசிரியர்களும் வருகை எடுக்கும்போது அப்பா பெயர் கேட்பதற்கு முன்னால் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பும், ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம் ரூபாயும் தருவதாகத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. இப்படிப்பட்ட உதவிகளைப் பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் போய்விடுகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்ட முடியவில்லை. டிசி (மாற்றுச் சான்றிதழ்) தர மறுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

முடியும். எட்டாம் வகுப்பு வரை, டிசி வரவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியரிடம் போங்கள். தகராறு வந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேளுங்கள்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

விடுதியோ சத்துணவோ நின்றால் முதலில் வயிறுதான் காயும். மூடிய காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அரிசி, பருப்பு, முட்டை பள்ளி வழியாகத்தான் கிடைத்தது. தூரத்துப் பள்ளியில் பெயர் உள்ள பிள்ளைக்கு அதை யார் வாங்கித் தருவது என்ற குழப்பத்தில் சிலருக்குக் கிடைக்காமல் போனது. விடுதியிலிருந்து கிளம்பும்போதே, பங்கு எங்கே, எந்த நாளில் தருவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் பிள்ளை ஊரில் இருப்பதைச் சொல்லி வையுங்கள். அந்தப் பள்ளியின் பயிற்சித் தாளும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

பள்ளி திறக்கும் முதல் நாள் பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

நான்கு நாள் முன்பிருந்தே பள்ளிக்குப் போகும் நேரத்தில் எழுப்பிவிடுங்கள். சட்டை, செருப்பு, ஸ்வெட்டர் போட்டுப் பாருங்கள், ஒன்றரை வருடத்தில் எதுவும் சேராமல் போயிருக்கும். பள்ளிக்குப் போகும் பாதையில் ஒரு முறை கூட்டிக்கொண்டு நடந்து வாருங்கள், மழையில் பாதை மாறியிருக்கலாம்.

ஆசிரியர்கள் முதல் வாரம் தேர்வு வைக்க வேண்டாம், நோட்டைக் கேட்க வேண்டாம். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முகக்கவசத்தோடு, ஒரு அடி வளர்ந்து வந்த பிள்ளைகள் சிலரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதனால் முந்தின நாள் ராத்திரி பழைய குழுப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு பெயர்களைப் படித்துவிட்டுப் போனேன். நீங்களும் படித்துவிட்டுப் போங்கள்.